புகார்: லிக்விட் கூலர் போட்ட பிறகும் 100 டிகிரி, மாற்றித் தராமல் அலைக்கழிப்பு

அனுப்புநர்: வீடியோ எடிட்டிங் தொழில் செய்யும் வாடிக்கையாளர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள், இந்திய அலுவலகம்.

பொருள்: வாரண்டியில் உள்ள 360 எம்எம் லிக்விட் கூலரின் பம்ப் பழுது. புதிய கூலர் அல்லது முழுப் பணம் கேட்டு.

ஐயா,

வணக்கம். கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டை, பம்ப் மூலம் தண்ணீரை ஓட்டி ரேடியேட்டரில் ஆற்றும் உங்கள் லிக்விட் கூலரைச் சித்திரைக் கடைசியில் திருநெல்வேலி கடை ஒன்றில் முழு ரொக்கம் கொடுத்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன். இப்போது ஆடி நடக்கிறது. டோல்-ஃப்ரீ எண்ணில் கேட்டால் மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். மெயில் அனுப்பினால் மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார்கள். மதுரையில் கேட்டால் "விற்ற கடையில கேளுங்க" என்கிறார்கள். கடைக்காரரோ "கம்பெனி அப்ரூவல் வராம நான் எப்படிண்ணே மாத்தித் தர முடியும்?" என்று கையை விரிக்கிறார். இதற்கிடையே நேற்றுக் காலை என் புகார் தீர்க்கப்பட்டதாகவும் முடித்துவைக்கப்பட்டதாகவும் எஸ்எம்எஸ் வந்தது. என்ன தீர்ந்தது ஐயா? இப்போதும் என் ப்ராசஸர் 100 டிகிரியில்தான் கொதிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ7-12700கே. முழு வேகத்தில் 190 வாட் வரை இழுக்கும் ப்ராசஸர், 100 டிகிரி அதன் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். முன்பு பெரிய ஏர் கூலர் போட்டிருந்தேன். 4கே கல்யாண வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போது 86, 87 டிகிரி வரை போகும். நாள் முழுக்க ரெண்டர் போடுகிற தொழில் என்பதால்தான் உங்கள் கூலருக்கு மாறினேன். மாட்டிய அன்றே அளந்து பார்த்தேன். சும்மா இருக்கையில் 38, ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் சாஃப்ட்வேர் அரை மணி நேரம் ஓடிய பிறகு 74. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, தேதியும் அதில் இருக்கிறது. சந்தோஷப்பட்டேன், நாலு பேரிடம் உங்கள் கூலரை வாங்கச் சொல்லவும் செய்தேன்.

வைகாசி பாதியில் பம்ப்பிலிருந்து கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியது. வெப்பமும் வேகமும் காட்டும் எச்டபிள்யூ-இன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் பம்ப் வேகம் திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறது, கொஞ்ச நேரம் கழித்து மேலே வருகிறது, மறுபடி பூஜ்யம். ஒரு வேலையும் ஓடாதபோதே 63 டிகிரி. ரெண்டர் போட்டால் ஒரு நிமிஷம் ஆவதற்குள் 100, வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து பாதிக்கும் கீழே. கையால் தொட்டுப் பார்த்தேன். ஒரு குழாய் சுடுகிறது, மற்றது சுடவே இல்லை. ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கிறது, மூன்று ஃபேனும் முழு வேகத்தில் சூடில்லாத காற்றைத் தள்ளுகின்றன. உள்ளே தண்ணீர் ஓடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? செய்து விற்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விளக்கினேன். போன் எடுத்த ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்கினேன்.

ப்ராசஸரைத் தொடும் கூலர் தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தேனா என்று கேட்டார்கள். உரித்தேன், படம் அனுப்பினேன். அடுத்து பேசியவரும் அதையேதான் கேட்டார். பம்ப்பை ரேடியேட்டரைவிட உயரத்தில் வைத்தால் காற்றுக்குமிழி பம்ப்புக்குள் போய்விடும் என்றார்கள். உண்மைதான், எனக்கும் தெரியும். என் கேபினெட்டில் ரேடியேட்டர் கூரையில் இருக்கிறது, பம்ப் அதற்குக் கீழேதான் இருக்கிறது, உங்கள் கையேட்டில் உள்ள படம் அப்படியே. பம்ப் வயரை மதர்போர்டில் பம்ப்புக்கென்றே உள்ள இடத்தில் செருகி, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) முழு வேகம் வைத்திருக்கிறேன். மாட்டியதில் தப்பு என்றால் முதல் நாளே காட்டியிருக்காதா? முதல் நாள் 74 எப்படி வந்தது? இதற்கு உங்கள் ஆட்களில் ஒருவர்கூட இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆனி மாதம் போனில் ஒரு பெண் ஊழியர், "உங்க ஊர் வெயிலுக்கு அப்படித்தான் சார் காட்டும்" என்றார். கூலரை மாட்டியது அக்னி நட்சத்திரத்தில். அப்போது வந்தது 74. அவர் இதைச் சொன்ன நாளில் குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது, எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் காற்று வீட்டுக்குள் இருக்கும் பேப்பரை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. வெயிலில் 74, சாரலில் 100. இதுதான் வெயிலால் வருகிற கோளாறா?

ஆனால் அவரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். மதுரை சர்வீஸ் சென்டரில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவரை மன்னிக்க முடியாது.

முதலில் கூலரை மட்டும் கொண்டு வரச் சொன்னார்கள். கழற்றி, பெட்டியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். "இன்ஜினியர் இன்னிக்கு லீவு" என்றார்கள். காலையில் கிளம்பும்போது போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போனேன், அவர்கள் "வாங்க சார்" என்று சொன்ன பிறகுதான் போனேன். அடுத்து முழு கேபினெட்டையும் கேட்டார்கள். கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட்டை பஸ்ஸில் எப்படிக் கொண்டு போவது? கார் பிடித்தேன். டோக்கன் வாங்கி மதியம் வரை உட்கார்ந்த பிறகு கவுண்ட்டரில் இருந்தவர் பம்ப் வேகம் பதிவான என் லாக் பேப்பரைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "கல்யாண வீடியோ போடுறதுக்கு எதுக்கு சார் லிக்விட் கூலர்? கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க, உங்ககிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல" என்றார். வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும். என் மகன் வயது இருக்கும் அவருக்கு. கல்யாண வீடியோ எடுப்பவன் என்றால் இளப்பமா? அவர் கல்யாணத்துக்கும் எவனோ ஒருவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்துதான் ரெண்டர் போட்டிருப்பான், போடப் போகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை நடக்க வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டேன்.

வேலையாவது நடந்ததா? அவர்கள் செய்த சோதனை என்னவென்றால், ஏசி அறையில் கேபினெட்டை வைத்து, பயாஸ் திரையைத் திறந்து, பத்து நிமிஷம் பார்த்தது. பயாஸில் ப்ராசஸருக்கு என்ன சுமை இருக்கிறது? சினிபெஞ்ச் ஓட்டுங்கள், இல்லையென்றால் நான் கொண்டு வந்திருக்கும் பென் டிரைவிலிருந்து ரெண்டர் போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "எங்களுக்குன்னு ப்ரொசீஜர் இருக்கு சார்" என்று சொல்லி, பழுது எதுவும் இல்லை என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். சூடு கடத்த ப்ராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் தடவியதற்குத் தனியாக 300 ரூபாய் வாங்கினார்கள். வாரண்டியில் உள்ள பொருளுக்கு! பில் கேட்டால் சிஸ்டம் டவுன் என்றார்கள்.

இதைவிடக் கொடுமை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சும்மா இருக்கையிலேயே 80-க்கு மேல் காட்டியது, ரெண்டர் தொடங்கியதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. கழற்றிப் பார்த்தால், என் ப்ராசஸர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு உரிய குட்டை ஸ்டாண்ட்ஆஃபை (கூலரைப் பொருத்தும் திருகுத் தூண்) காணவில்லை, அந்த இடத்தில் பழைய 1200 சாக்கெட்டுக்கு உரிய உயரமான ஸ்டாண்ட்ஆஃபை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். 1700 சாக்கெட்டில் ப்ராசஸரின் தலை பழையதைவிடக் கொஞ்சம் தாழ்வு, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தக் கொஞ்சத்திலேயே தகடு சரியாக அழுந்தாமல் போய்விடும். தடவிய பேஸ்ட் நடுவில் பரவாமல் தடவியபடியே இருந்தது. இரண்டு வகை ஸ்டாண்ட்ஆஃபையும் தனித்தனிப் பையில் பெயர் போட்டு அனுப்புவது நீங்கள்தானே? உங்கள் இன்ஜினியருக்கு உங்கள் பை தெரியாதா? என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளைக் கூட்டி வரச் சொன்ன அதே இடத்தில்தான் இது நடந்தது! கடைக்காரத் தம்பி தன்னிடம் இருந்த வேறொரு பெட்டியிலிருந்து சரியான செட்டை எடுத்துக் கொடுத்தார். அதைப் போட்டதும் பழையபடி 63-ம் 100-ம். ஆக, பம்ப் பழுது பழுதாகவே இருக்கிறது.

ஐயா, கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நிலைமையில் இருந்து பாருங்கள். வைகாசியும் ஆனியும்தான் எங்களுக்குச் சோறு போடும் மாதங்கள். ஒரு ராத்திரியில் முடியும் ரெண்டர் மறுநாள் சாயங்காலம் வரை இழுத்தது, பாதியில் நின்றும் போனது. சொன்ன தேதிக்கு வீடியோ கொடுக்க முடியவில்லை. தூத்துக்குடி பார்ட்டி பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், வளைகாப்புக்கும் என்னைத்தான் கூப்பிடுவதாக இருந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கட்டிக்காத்த என் பெயர் உங்கள் ஒரு பம்ப்பால் முழுசாகப் போய்விட்டது. இந்த ஜில்லாவில் இனி என்னை நம்பி யார் கல்யாணம் ஒப்படைப்பார்கள்? லட்சக்கணக்கில் நஷ்டம். நாள் கணக்கில் 100 டிகிரியில் வெந்த ப்ராசஸரின் ஆயுசுக்கு யார் பொறுப்பு?

சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்று கடைசியாக வந்த மெயிலில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சாஃப்ட்வேரில் பார்த்தேன், இரண்டும் ஒரே கணக்கு. சென்சார் பொய் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம், ரெண்டர் நேரம் இரண்டு மடங்கானது எதனால்? அந்த மெயிலுக்குக் கீழே மறுபடியும் பில் நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என் பில் நகல் உங்கள் மெயில் பெட்டியில் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். பழுதான கூலரை எடுத்துக்கொண்டு பெட்டி பிரிக்காத புதிய கூலர் தாருங்கள், பழையதைச் சரிசெய்து தரும் ரீஃபர்பிஷ்ட் வேண்டாம். முடியாதென்றால் பில்லில் உள்ள முழுத் தொகையைத் திருப்புங்கள். மதுரைக்குப் போய்வந்த கார் வாடகையும் அந்த 300 ரூபாயும் சேர வேண்டும். இனி நான் மதுரைக்கு வர மாட்டேன், உங்கள் ஆள் பாளையங்கோட்டைக்கு வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். கவுண்ட்டரில் பேசியவர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு அது முக்கியம்.

15 நாள் தருகிறேன். பதில் இல்லையென்றால் 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அதோடு நிற்க மாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட எனக்கு உரிமை இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பழுதான பொருள், சேவைக் குறைபாடு, மன உளைச்சல் மூன்றுக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டுத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அப்போது மதுரைக்காரர்கள் திருநெல்வேலிக்கு வந்து வாய்தாவுக்கு நிற்கட்டும்.

அதுவரை போகாமல் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் ஆசை. கூலர் சரியாக ஓடிய அந்த நாட்களில் அது நல்ல பொருளாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நான்கு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குள் புதிய கூலர் என் கைக்கு வர வேண்டும்.

பில், மாட்டிய அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட், பம்ப் பூஜ்யத்துக்கு இறங்கும் லாக், சீல் வைத்த சர்வீஸ் சீட்டு, தவறான ஸ்டாண்ட்ஆஃபின் படம் எல்லாம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய புகார் எண்ணைத் திறந்து அதிலேயே பதில் எழுதுங்கள். புது எண் கொடுத்து முதலிலிருந்து கேள்வி கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.