போனைப் பூட்டுமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. உன் இடமாற்றம் நின்றுபோனதில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் அவ்வப்போது வயசை ஞாபகப்படுத்துகிறது.

உன் மகள் கயல் விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு வயசில் பந்தாட்டத்தை விட்டுவிட்டாள், போனும் கையுமாக அறைக்குள்ளேயே கிடக்கிறாள், போனைப் பிடுங்கிப் பூட்டப்போகிறேன் என்கிறாய். பூட்டு, நான் தடுக்கவில்லை. பூட்டிய பிறகு அவள் எங்கே போய், யாரோடு விளையாடுவாள் என்பதை யோசித்தாயா?

போனை எடுத்துவிட்டால் பிள்ளை தானாக மைதானத்துக்கு ஓடும் என்று நம் வயசுக்காரர்கள் எல்லோரும் நம்புகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தினமும் பயிற்சிக்குப் போய் வியர்த்து வழிய வந்து, நள்ளிரவு வரை போன் நோண்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போனே இல்லாமல் நாற்காலியை விட்டு எழாமல் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் குறை சொல்வதில்லை!

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று 2019இல் வந்தது. 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. இது 2016 நிலவரம். இதையே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு எண். பெண்பிள்ளைகளில் எட்டாதவர்கள் 2001இலும் சுமார் 85 சதவீதம், 2016இலும் அதேதான். 2001இல் தொடுதிரை போன் ஏது? அது வருவதற்கு முன்பே அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், சேகர். உட்கார வைத்துவிட்டோம் என்பதுதான் சரி.

அதனால் கயல் ஏன் விட்டாள் என்று கேள். இந்த வயசில் பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குக் காரணமா இல்லை? மாதவிடாய் நாளில் என்ன செய்வது என்ற கூச்சம், உடல் மாறும்போது உடுப்பு பற்றிய சங்கடம், கத்துகிற பயிற்சியாளர், டியூஷன், கூட விளையாடிய தோழி விலகியது. இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு ஆத்திரம் தருவது. இந்த வயசுக்கு மேல் விளையாட்டு என்றாலே அணித் தேர்வு, கோப்பை என்றாகிவிடுகிறது. சுமாராக ஆடுகிற பிள்ளைக்கு, சும்மா சிரித்துக்கொண்டு ஆட, இடமே கிடையாது. ஜெயிக்கத் தெரியாதவன் வீட்டுக்குப் போ என்றால் அவன் வீட்டில் என்ன செய்வான்? போன்தான் பார்ப்பான்.

அதற்காகத் திரையை நான் சும்மா விடவில்லை. அது முதலில் கை வைப்பது தூக்கத்தில். பருவ வயசில் தூக்கம் வரும் நேரமே இயற்கையாகத் தள்ளிப்போகிறது. பள்ளி மணியோ தள்ளிப்போவதில்லை. 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளை, தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கும்? எங்கள் வீட்டில் ராத்திரி எல்லா போனும் கூடத்தில்தான் சார்ஜ் ஏறும், என்னுடையதும் சேர்த்து. முதலில் முணுமுணுத்தது பையன் அல்ல, நான்.

சின்னவனுக்குக் கண்ணாடி வந்துவிடுமோ என்று பயந்திருந்தாய். அவனை வெளிச்சத்தில் விடு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5. கயலுக்கு ஏற்கெனவே கண்ணாடி இருப்பதால் இந்தக் கணக்கு அவளுக்குப் பொருந்தாது.

அவளைப் பழைய அணிக்கே திருப்பி அனுப்பப் பார்க்காதே. நடனம், சைக்கிள், நீச்சல், எதுவானாலும் சரி, கூட ஒரு தோழி வந்தால் போதும். அவள் சொல்லும் காரணத்தை அடுத்த கடிதத்தில் எழுது. அவள் சொன்னதை மட்டும் எழுது, உன் தீர்ப்பைச் சேர்க்காதே.

அன்புடன்,
மணி