கிரீடத்தோடு கணக்கையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்வி உதவித்தொகை தரும் அழகிப் போட்டி ஒன்றில் கிரீடம் வென்ற நம் பெண்ணின் படத்தைச் சென்ற இதழில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவளுக்கு எவ்வளவு தொகை, அது எப்படிக் கைக்கு வரும், அந்தக் குடும்பம் எவ்வளவு செலவழித்தது என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் என் மகள் இங்கே நியூ ஜெர்சியில் ஓர் உள்ளூர்ப் போட்டியில் கலந்துகொண்டவள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் போட்டியில் சேர்ந்தது கல்லூரிக் கட்டணத்துக்காக. "அழகிப் போட்டியா? நம் வீட்டுப் பெண்ணா?" என்று என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மிஸ் அமெரிக்கா போட்டி 1921-ல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கியதே, கோடை முடிந்த பிறகும் கடற்கரைக்குக் கூட்டம் வர வேண்டும் என்பதற்காகத்தான். படிப்புக்கும் அதற்கும் அன்று சம்பந்தமே இல்லை. உதவித்தொகை வந்தது 1945-ல். அந்த ஆண்டு 5,000 டாலர் வென்ற பெஸ் மையர்சன் நியூயார்க்கின் ஹண்டர் கல்லூரியில் படித்தவர், யூதப் பெண். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது மறுத்துவிட்டார். 2013-ல் அதே அட்லாண்டிக் சிட்டியில் இந்திய வம்சாவளிப் பெண் நீனா தவுலூரி வென்றபோது அவருக்குக் கிடைத்தது 50,000 டாலர். மேடையில் அவர் இந்திய நடனம் ஆடினார். அன்றிரவே அவர் நிறத்தையும் பூர்வீகத்தையும் வைத்து இணையத்தில் எவ்வளவு வசை! என் மகள் அப்போது சின்னக் குழந்தை. பின்னாளில் அந்த நடனத்தைக் காணொளியில் எத்தனை முறை பார்த்தாளோ, எனக்கே தெரியாது.

திறமைச் சுற்றுக்கு 90 விநாடிகள்தான். பரதநாட்டியம் பத்து வருடம் கற்ற பெண் 90 விநாடியில் என்ன ஆடுவாள்? தில்லானா என்று முடிவானது. "தில்லானாவை வெட்டுவதா?" என்று நடன ஆசிரியைக்கு மனமே இல்லை. அப்புறம் அவரே உட்கார்ந்து, சரணத்தை விட்டுவிட்டு, கடைசித் தீர்மானம், அதாவது முடிக்கும் அடவுக் கோர்வை, மட்டும் குறையாமல் வரும்படி அமைத்துக் கொடுத்தார். ஆனால் அவளை மாற்றியது நடனம் இல்லை, நேர்காணல். மூடிய அறை, நடுவர்கள், பத்து நிமிடம், என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள். இரண்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒத்திகை நடந்தது. என் கணவர் பள்ளிக்கூடக் குடிநீர்க் குழாயில் ஈயம் பற்றிக் கேட்பார், நான் தடுப்பூசி பற்றிக் கேட்பேன். முதலில் தரையைப் பார்த்துப் பேசியவள் கடைசியில் எங்களையே மடக்கினாள். இதற்காகவே அந்தப் போட்டிக்கு நான் நன்றி சொல்வேன். நீச்சலுடைச் சுற்றை மிஸ் அமெரிக்கா 2018-லேயே கைவிட்டுவிட்டது என்பதையும் கவலைப்படும் பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இப்படிப்பட்ட போட்டி ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றின் விதியும் வேறு, கேட்டுத்தான் சேர வேண்டும்.

இனி கணக்கு. என் மகளுக்கு மூன்றாம் இடம், 600 டாலர். உடை, காலணி, புகைப்படம், பாட்டை வெட்டி ஒலிப்பதிவு செய்தது, பெட்ரோல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு கிட்டத்தட்ட 900. சரி, 600 டாலராவது வந்ததே என்று இருந்தோம். அந்தப் பணம் நம் கையில் தரப்படுவதில்லை, நேராகக் கல்லூரிக்குப் போகும். வெளியிலிருந்து பணம் வந்திருக்கிறது என்று சொல்லிக் கல்லூரி தான் தருவதாக இருந்த உதவியில் அதே 600-ஐக் குறைத்துவிட்டது. பல கல்லூரிகளில் இதுதான் நடைமுறை. முன்கூட்டியே நிதி உதவி அலுவலகத்தில் பேசினால், திருப்பித் தர வேண்டாத மானியத்தில் கை வைக்காமல் முதலில் கடனைக் குறைக்கச் சில இடங்களில் சம்மதிப்பார்கள். இது எங்களுக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இன்னொன்று: உதவித்தொகையைக் கல்விக் கட்டணத்துக்குப் பயன்படுத்தினால் வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் என்றால் வரி உண்டு.

எங்கள் போட்டியின் அறிவிப்பில் பல்லாயிரம் டாலர் என்று போட்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி, குறிப்பிட்ட ஒரு கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் கிடைக்கும் கட்டணச் சலுகை. ஒருத்தியால் ஒரு கல்லூரியில்தானே சேர முடியும்? தேசிய அளவிலும் இதே கதைதான். மிஸ் அமெரிக்கா ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் உதவித்தொகை கிடைக்கச் செய்வதாகச் சொல்லிவந்ததை 2014-ல் நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரித்துக் காட்டினார். ஒரே சலுகையைப் போட்டியாளர் அத்தனை பேராலும் பெருக்கிப் போட்ட கணக்கும் அதில் இருந்தது. உண்மையில் கொடுக்கப்பட்டது அதில் சிறு பங்கே. அப்படியிருந்தும், பெண்களுக்கு மட்டும் உதவித்தொகை தருவதில் அதைவிடப் பெரிய அமைப்பைக் காண முடியவில்லை என்று அவரே சொன்னார். பெண் குழந்தை வைத்திருக்கும் எனக்கு அதுதான் மிகவும் வலித்தது.

அதனால் என் வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெண்ணின் படத்தைப் போடும்போது, அவள் ரொக்கமாக வென்றது எவ்வளவு, சலுகையாக எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் கேட்டுப் போடுங்கள். அலபாமாவின் மொபைல் நகரத்தில் 1958 முதல் நடக்கும் போட்டி ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் டிஸ்டிங்விஷ்ட் யங் உமன். அதில் சேரக் கட்டணம் இல்லை, அழகுக்கு மதிப்பெண்ணும் இல்லை, பள்ளி மதிப்பெண்ணுக்கு உண்டு. தொலைக்காட்சிச் செய்தியாளர் டயேன் சாயர் 1963-ல் வென்றது அங்கேதான். அதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். நம் வீடுகளில் பலருக்கு அது தெரியாது.

என் அண்ணன் மகள் அடுத்த ஆண்டு ஒரு போட்டியில் சேரப் போகிறாள். உடை எடுக்கும் முன்பே, பணம் பற்றிய கேள்விகளை எல்லாம் அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். போன வாரம் எழுத்தில் பதில் வந்துவிட்டது. இப்போது தில்லானாவா வர்ணமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி