அடுத்த காண்ட்ராக்ட் பயம்: கடலோடிகள் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கு வணக்கம்.

சங்கம் வேண்டும் என்று நம்புகிறவன் எழுதுகிற கடிதம் இது. 1896-இல் லண்டனில் ஐ.டி.எஃப். என்கிற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு தொடங்கியபோது கடலோடிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் ஒன்றாக நின்றார்கள். 1948-இல் வசதிக்கொடிக் கப்பல்களுக்கு, அதாவது முதலாளியின் நாட்டை விட்டுவிட்டுச் செலவும் கட்டுப்பாடும் குறைந்த வேறொரு நாட்டுக் கொடியில் ஓடுகிற கப்பல்களுக்கு, எதிராக இயக்கம் ஆரம்பித்தார்கள். அந்தக் கொடிகளை ஒழிக்க முடியவில்லை. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள்தான் இன்றைக்கும் கப்பல்களைப் பதிவு செய்கிற நாடுகளின் பட்டியலில் மேலே இருக்கின்றன. ஆனால் அந்தக் கொடிக் கப்பல்களிலும் சங்க ஒப்பந்தம் ஏறியது, 2003-லிருந்து முதலாளிகளோடு உலக அளவில் உட்கார்ந்து சம்பளம் பேசுகிறீர்கள். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை, தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் ஒப்பந்தம் கப்பலோடு இருக்கிறது, நாங்கள் கப்பலோடு இருப்பதில்லை. முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூன்றாவது நாடு, நாங்களோ சில மாதக் காண்ட்ராக்ட் முடிந்ததும் சைன் ஆஃப் செய்து கப்பலிலிருந்து இறங்கிவிட்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறவர்கள். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாப் பயமும் இருக்கிறது, அங்கேதான் சங்கம் கண்ணில் படுவதே இல்லை.

உங்கள் இன்ஸ்பெக்டர் கப்பலுக்கு வருகிறார் என்று வையுங்கள். மெஸ் ரூமில் உட்கார்ந்து ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்கிறார். டெக் ஆட்களின் தலைவரான போசன் மேசையைப் பார்க்கிறார், எஞ்சின் ரூம் ஆளான ஆயிலர் டீயைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் வாசல் பக்கம் நிற்கிறார். ஓய்வு நேரப் பதிவேட்டில் தினமும் பத்து மணி நேரம் ஓய்வு என்று அழகாக எழுதியிருக்கும், அத்தனை பேரும் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். முந்தின இரவு டேங்க் கழுவியதில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் வாய் திறப்பதில்லை. இன்ஸ்பெக்டர் நல்லவர், அக்கறையானவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கேங்வே படியில் இறங்கினதும் கப்பல் கிளம்பிவிடும், புகார் சொன்னவன் பெயர் மட்டும் ஏஜென்சிக்குப் போய்ச் சேரும். அப்புறம் அவனுக்கு அழைப்பு வராது. ஏன் வரவில்லை என்று யாரும் எழுத்தில் தரமாட்டார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-இல் நிறைவேறி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை கிடைக்காமல் தடுக்கிற எந்தப் பட்டியலையும் ஏஜென்சிகள் வைத்திருக்கக் கூடாது என்கிறது. வேலைக்காக ஏஜென்சி கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. இரண்டும் மீறப்படுகின்றன, இரண்டுக்கும் ஆதாரம் திரட்ட ஒரு தனி ஆளால் ஆகாது. அது சங்கத்தின் வேலை. சம்பள பாக்கியை வாங்கித் தருவதில் நீங்கள் காட்டுகிற பிடிவாதத்தில் பாதியை இதில் காட்டினால்கூடப் போதும்.

செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். பிரிட்டிஷ், டச்சுச் சங்கங்கள் 2009-இல் ஒன்றாகச் சேர்ந்து நாட்டிலஸ் இன்டர்நேஷனல் ஆனபோது, நாட்டு எல்லை தாண்டியும் ஒரே சங்கமாக இருக்கலாம் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. மறுபக்கமும் பாருங்கள்: 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் என்கிற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் கம்பெனி ஒரு வீடியோ செய்தியில் ஏறக்குறைய 800 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மலிவான ஏஜென்சி ஆட்களை ஏற்றியது. பலமான சங்கம் இருந்த இடத்திலேயே இது நடந்தது. வெளியே போனவர்களுக்கு ஒரு சங்கம், உள்ளே வந்தவர்களுக்கு வேறொரு சங்கம் அல்லது ஒன்றுமே இல்லை என்று இருக்கிறவரை இது திரும்பவும் நடக்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். காண்ட்ராக்ட் முடிந்தாலும் உறுப்பினர் உறுப்பினராகவே இருக்கட்டும், கப்பல் மாறினாலும், ஏஜென்சி மாறினாலும், கரையில் சும்மா இருந்தாலும். புகார் சொன்ன ஒருவருக்கு அடுத்த வேலை வரவில்லை என்றால், காரணத்தை எழுத்தில் சொல்லும் பொறுப்பு ஏஜென்சிக்கு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒப்பந்தத்தை ஊழியர்கள் படிக்கிற மொழியில் கொடுங்கள். சம்பளச் சீட்டில் சங்கத்துக்கென்று ஒரு பிடித்தம் இருக்கிறது, அது எந்தச் சங்கம் என்றே தெரியாமல் பலர் வேலை பார்க்கிறார்கள், எனக்கு இது பெரிய வருத்தம். இப்போது பல கப்பல்களில் இணையம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களிடம் வாக்கு கேளுங்கள்.

பதில் தருவதானால் அலுவலகத்துக்குக் கடிதமாக அனுப்பாமல், கப்பலில் இருப்பவர்கள் போனில் படிக்க முடிகிற இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடலோடி