நீ வாசிச்சப்ப நாங்க யாருமே வரல

டேய் வாத்தியாரே,

எட்டு மாசமா உனக்கு பதில் போடல, தெரியும், திட்டறத மொத்தமா திட்டிக்கோ. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எனக்கு முட்டி வலி, உனக்கு சுகர் கண்ட்ரோல்ல இருக்குன்னு மொட்டை சொன்னான். சரி, விஷயத்துக்கு வரேன்.

போன சனிக்கிழமை நம்ம பேஸ்மென்ட் கிளப்போட 20வது ஆனிவர்சரிடா. போஸ்டர்ல அந்த டிஜே பெரியவர் பேரு இவ்ளோ பெருசா. ஆமா, அவரேதான், நீ ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தியே, அந்த ஆளு. பத்து மணிக்கு கதவு திறக்கும்னு போட்டிருந்தத அவர் ஆரம்பிக்கிற நேரம்னு நெனச்சிட்டு நான் மட்டும் டாண்ணு பத்துக்கு போய் நின்னேன். உள்ள பதினோரு பேரு, அதுல நாலு பேரு பார்ல வேலை பாக்கறவங்க. அவரு ஒரு மணிக்குதானாம். காசு குடுத்தாச்சு, எங்க போறது, அப்படியே சுவத்துல சாஞ்சு நின்னுட்டேன்.

வார்ம்-அப்புக்கு, அதாவது அவருக்கு முன்னாடி கூட்டத்த சூடேத்த, ஒரு டிஜே பொண்ணு, நம்ம பசங்க வயசு இருக்கும். காலி ஃப்ளோருக்கு வாசிச்சிட்டு இருந்துச்சு. மெதுவா, நிமிஷத்துக்கு 116, 117 பீட்ல, ஹவுஸ்ங்கற டான்ஸ் மியூசிக்குக்கு அது கொஞ்சம் கம்மிதானே, வழக்கமா 120க்கு மேலதான போகும். யாருக்கும் தெரிஞ்ச பாட்டே கிடையாது, அதிர்ற பேஸும் இல்ல. எனக்கு முதல்ல போரா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் எப்ப என் கால் ஆட ஆரம்பிச்சதுன்னே தெரியலடா, பாத்தா ஃப்ளோர் பாதி ரொம்பிருக்கு, வேகமும் 122க்கு ஏறிருக்கு, ஏறினது ஒருத்தருக்கும் தெரியல.

இன்னொன்னு கேளு. பதினோரு மணிக்கே அந்த பெரியவர் வந்துட்டாரு. கையில ஒரு தண்ணி பாட்டில், ஸ்பீக்கர் ஓரமா ஒரு மூலைல ரெண்டு மணி நேரம் நின்னு அந்த பொண்ணு வாசிக்கறத கேட்டுட்டே இருந்தாரு, ஃபோன தொடல. ஒரு மணிக்கு மேல ஏறினதும் பாட்ட நிறுத்தி கை தட்டு வாங்குவாருன்னு பாத்தா, அவ போட்ட கடைசி இசைத்தட்ட அப்படியே ஓட விட்டு, ஒரு காதுல ஹெட்ஃபோன் வெச்சு, ஃபேடர ஒரு மயிரிழை நகத்தி வேகத்த சேத்து, அவளோட பேஸ மட்டும் இறக்கி இவரு பேஸ ஏத்தினாரு பாரு, எங்க முடிஞ்சது எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லவே முடியல.

அப்பதான் உன் பழைய லெக்சர் ஞாபகம் வந்துச்சு. 1977ல சிகாகோல வேர்ஹவுஸ் கிளப், ஃப்ராங்கி நக்கிள்ஸ்ங்கற டிஜே, அந்த வேர்ஹவுஸ்ல இருந்துதான் ஹவுஸ்னு பேரே வந்துச்சு... நீ ஆரம்பிச்சாலே மொட்டை கொட்டாவி விடுவான். ராத்திரி பூரா அவரே வாசிச்சாருன்னு சொல்லுவ இல்ல, அப்ப ஆளில்லாத முதல் மணி நேரமும் அவருதானே, விடியற நேரமும் அவருதானே. இந்த ஆளுக்கொரு நேர ஸ்லாட்டெல்லாம் பின்னாடி வந்ததுதான் போல.

நீ அந்த கிளப்ல மூணு வருஷம் வார்ம்-அப் வாசிச்சடா. நாங்க ஒரு நாளாவது பன்னெண்டுக்கு முன்னாடி வந்திருக்கோமா? "உன் வேலை முடிஞ்சுதா, வா குடிக்கலாம்"னு வந்து நிப்போம். உன் ரெண்டு டெக்னிக்ஸ் டர்ன்டேபிளையும் வித்தப்ப நான்தான தூக்கி வண்டில வெச்சேன், அப்ப கூட "அடுத்தவன் பாட்ட போடறதுக்கு இவ்ளோ வெயிட்டா"ன்னு கேட்டேன். நீ சிரிச்ச. அந்த சிரிப்பு நாலு நாளா மண்டைல ஓடிட்டே இருக்கு.

கடைசில விடிகாலை ஒரு பழைய டிஸ்கோ தட்டு போட்டாரு. 1979ல சிகாகோ பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ தட்டையெல்லாம் குவிச்சு வெடி வெச்சானுங்களே, அதே ஊர்ல இருந்துதான ஹவுஸும் வந்துச்சுன்னு நினைச்சுகிட்டே ஆடினேன். ஆமா, ஆடினேன், முட்டியோட. மொட்டைகிட்ட சொல்லாத.

காது இன்னும் லேசா ஙொய்ங்குது, பஞ்சு வெச்சிட்டு போன்னு நீ சொல்லுவ, கேட்டாதான.

அந்த செட்டெல்லாம் கேசட்ல பிடிச்சு வெச்சிருந்தியே, ஷூ டப்பால, இன்னும் இருக்கா? இருந்தா ஒண்ணு அனுப்பு. முதல் ஒரு மணி நேரம் இருக்கறதா பாத்து அனுப்பு.