அப்பாவின் கண்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கண் மருத்துவமனைக்கு அலைந்ததில் உடனே எழுத முடியவில்லை. தமிழ் முரசில் வரியெல்லாம் நெளிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது பார்வையின் நடுவில் ஒரு கறை, வயதான காலத்தில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் நோய். நேற்று சுவர்க் கடிகாரத்தைத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார், அப்படித்தான் முள் தெரிகிறதாம். எதிரே போய் உட்கார்ந்தால் என் தோள் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

கொழுப்பில் எடுத்த செல்களைக் கண்ணில் ஊசியாகப் போட்டால் பார்வை திரும்பும் என்று நீ அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். தயவுசெய்து அதை நம்பாதே. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இப்படித்தான் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை மூன்று வயதான பெண்களுக்கு இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டு, இருந்த பார்வையும் போய்விட்டது. 2017இல் அந்தச் செய்தி வந்த அதே மருத்துவ இதழில்தான் ஜப்பானிலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. கோபேயில் கண் மருத்துவர் மசாயோ தகஹாஷி குழுவினர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோலில் கொஞ்சம் எடுத்து, அந்தச் செல்களை ஸ்டெம் செல்லாக, அதாவது உடம்பின் எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய மூலச் செல்லாக மாற்றி, அதிலிருந்து விழித்திரைக்கு அடியில் இருக்கும் படலத்தை வளர்த்து, 2014இல் ஒரே ஒரு கண்ணில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் படலம் உயிரோடு இருந்தது, கட்டி எதுவும் வரவில்லை. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். இரண்டாவது நோயாளிக்குச் செய்த செல்களில் மரபணு மாற்றம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தினார்கள் பார், அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை.

தோல் எப்படிக் கண்ணாகும் என்று கேட்டாயே. தோல் செல்லுக்குள்ளும் உடம்பு முழுவதற்குமான மரபணுக்கள் இருக்கின்றன, தோலுக்கு வேண்டாதவை அடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். கியோட்டோவில் ஷின்யா யமனாகா என்ற விஞ்ஞானி 24 மரபணுக்களில் தொடங்கி, நான்கே போதும் என்று 2006இல் எலியிலும் அடுத்த வருடம் மனிதச் செல்லிலும் காட்டினார். அந்த நான்கும் உள்ளே போனால் செல் கருவில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும், அங்கிருந்து எதுவாகவும் வளர்க்கலாம். 2012இல் நோபல் கிடைத்தது. அதற்கு முன்னால், இங்கே சிங்கப்பூரில் 1994இல் அரிஃப் போங்சோ செய்தது போல, கருவிலிருந்துதான் இந்தச் செல்களை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. அவசரப்படக் கூடாது என்பது அதனால்தான்.

அப்பாவுக்கு அடுத்த ஊசி வியாழக்கிழமை, ரத்தக் குழாய் கசிவை அடக்கும் வழக்கமான மருந்துதான். சரி, உன் அம்மாவுக்கும் எழுத்து மங்குகிறது என்றாயே, கட்டம் போட்ட தாளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல். கோடு வளைந்து தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப் போ, பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப் போடாதே.

அன்புடன்,
முரளி