ஹோலா முகாமை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்ய விடுதலை பற்றிய கட்டுரை படித்தேன். பிரிட்டிஷ் ஆட்சியில் ஆப்பிரிக்க ஆண்கள் 16 வயதானதும் 'கிபாண்டே' எனும் அடையாளச் சீட்டை உலோகக் கூட்டில் போட்டு, ஆட்டுக்கு மணி கட்டியதுபோல் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்ததைச் சொன்னது நன்று. ஆனால் அந்த ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக்காரர்களை அடைத்துவைத்த ஹோலா தடுப்பு முகாமைத் தொடவேயில்லையே! 1959 மார்ச் 3 அன்று அங்கே 11 கைதிகளைக் காவலர்கள் தடியால் அடித்தே கொன்றார்கள். தண்ணீர் வண்டி நீரைக் குடித்துச் செத்தார்கள் என்று அதிகாரிகள் முதலில் கதை கட்டினார்கள். விசாரணையில் குட்டு உடைந்தது. மாவ் மாவ் காலச் சித்திரவதைகளுக்காக பிரிட்டன் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது 2013இல்தான். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ!

– வாசகர், கும்பகோணம்