கடிதங்களும் வரலாற்றுச் சான்றே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியேற்றம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை அரசு ஆவணங்களை மட்டுமே சான்றாகக் கொண்டிருப்பது குறையாகவே படுகிறது. குடியேறியவர்களின் சொந்தக் கடிதங்களும் உள்ளன.

1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவடைத்தது. 1906இல் சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் தீயும் பிறப்புப் பதிவேடுகளை அழித்தபின், பலர் அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகள் என்று சொல்லி நுழைய முயன்றனர். அந்நகரின் விரிகுடாவில் குடியேற்ற நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் நடந்த விசாரணையில் ஊரின் கிணறு எங்கே, பக்கத்து வீட்டார் யார் என்றெல்லாம் கேட்பார்கள் என்பதால், விடைகளை மனப்பாடம் செய்யும்படி உறவினர் எழுதியனுப்பினர். அதிகாரிகள் கைப்பற்றிய அத்தகைய சில கடிதங்கள் வழக்குக் கோப்புகளில் தங்கிவிட்டன. அவற்றில் சொல்லப்படும் உறவுமுறை புனைவாக இருக்கலாம். ஆனால் அப்படிப் புனைய வேண்டியிருந்த நெருக்கடிக்கு அவையே நேரடிச் சான்று.

வெளிநாடு சென்ற சீனர்களிடமிருந்து சீனாவின் குவாங்தோங், ஃபூஜியன் மாகாணங்களுக்குப் பணத்துடன் வந்த கடிதங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உறையின் முகப்பிலேயே தொகை குறிக்கப்பட்டிருக்கும். பணம் கிடைத்ததற்கு ஒப்புதலாக வீட்டார் பதில் எழுதுவர். பிறர் படிக்கக்கூடும் என்றறிந்து எழுதியவை என்பதால், அவற்றின் மௌனங்களையும் ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும்.

1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாக அமெரிக்கா சென்ற மெக்சிகோ நாட்டவரில் எழுதப் படிக்கத் தெரியாதோர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். ஆகவே நடையில் இன்னொருவர் கையும் கலந்திருக்கும். பண்ணை பண்ணையாக இடம் மாறியவர்களிடம் மனைவியரின் பதில்கள் நிலைப்பது அரிது. நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது உரையாடலின் ஒரு பக்கமே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை